சன்னலோர இருக்கைக்கு ஒரு சொல்

“வெல. வியாழக்கிழமை. பல்லேபொல கமநல சேவை நிலையம். வயதான கமக்காரர் ஒருவர். கேட்டவர்: அவர்.”

சென்ற வருடம் செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றபடியே என் கொப்பியில் நான் எழுதிய குறிப்பு இது. ‘அவர்’ என்பது என் கணவர். இந்தக் குறிப்பில் உள்ள நாளும் இடமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதைக் கண்டுகொள்ள எனக்கு அன்று மாலைவரை ஆனது.

முதலில் அந்தச் சொல் எதற்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். பல்லேபொலவில் எங்களுக்குச் சிறிய தோட்டம் ஒன்று இருக்கிறது. மிளகு, கராம்பு, கொஞ்சம் கொக்கோ. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் இருவரும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கல்யாணமான புதிதில் அந்தப் பயணத்தில் எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை சன்னலோரத்துக்காகத்தான். இருவருக்கும் அந்த இடம் வேண்டும். ஒருநாள் அவர் ஒரு தீர்வு சொன்னார். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மாதிரி ஒலித்து, பொருளால் ஒட்டும் உறவும் இல்லாத சொல்லொன்றை யார் கொண்டு வருகிறாரோ அவருக்கே அன்று சன்னல்.

விதிகளை வகுத்தவள் நான். சொல் உயிருள்ள ஒருவர் வாயிலிருந்து வந்து நம் காதில் விழுந்திருக்க வேண்டும். நாள், இடம், சொன்னவர் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மொழி மற்றதிடம் கடன் வாங்கிய சொல் செல்லாது. அப்படிப் பார்த்தால் நம்முடைய கடை அவர்களுடைய கடே ஆனதிலிருந்து தொடங்கி, மாத்தளைச் சந்தையில் பாதியை அள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

முதற்சொல் ‘என்ன’. தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலியோரம் வந்து “என்ன, என்ன” என்று சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே அழைத்தார். வாருங்கள் என்று பொருள். நாம் கேள்வி கேட்கும் சொல்லில் அவர்கள் வரவேற்கிறார்கள். அதன்பின் ‘எல’ வந்தது. பஸ்ஸில் பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன்கள் கிரிக்கெட் கதையில் “எல!” என்று கத்தினார்கள். பிரமாதம் என்பதற்கு அவர்களுடைய தெருச்சொல். நம் வீடுகளில் எல என்றால் சோறு பரிமாறும் இலை. அது அவருக்குக் கிடைத்தது. ‘நில்’ எனக்கு. புடவைக்கடையில் விற்பனைப் பெண் “நில் எக்க” என்று ஒரு துணியை எடுத்துப் போட்டாள். நீல நிறமானது. ஆங்கிலப் படிவத்தில் ஒன்றுமில்லை என்று நிரப்புகிற நில்லையும் சேர்த்தால் ஒரு சொல்லுக்கு மூன்று மொழி என்று வாதாடினேன். சிங்களமும் ஆங்கிலமும் ஆதியில் ஒரே குடும்பமாக இருக்கலாம், ஆனால் நீலத்துக்கும் இன்மைக்கும் உறவில்லை, தமிழுக்கு அந்தக் குடும்பத்தில் யாருமே உறவில்லை என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். அன்று போகும்போதும் சன்னல் எனக்கு, வரும்போதும் எனக்கு.

புத்தகத்தில் படித்தது மட்டும் எடுபடாது. பாடசாலை நூலகத்தில் வேலை செய்பவள் நான். அங்கே ஒரு நூலில் ஜப்பானிய மொழியில் ‘கனி’ என்றால் நண்டு என்று கண்டேன். துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து சொன்னேன்.

“ஜப்பான்காரன் யாராச்சும் ஒன் காதுல வந்து சொன்னானா?” என்றார்.

“இல்ல.”

“அப்ப இந்தப் பக்கம் ஒக்காரு.”

இது ஏன் நிகழ்கிறது என்பதைப் பற்றியும் படித்திருக்கிறேன். மனித வாய் ஒன்றுதான். அது எளிதாக எழுப்பும் ஒலிகள் கொஞ்சம். சொல்ல வேண்டிய பொருள்களோ ஏராளம். உறவில்லாத இரண்டு மொழிகள் எங்காவது மோதிக்கொள்ளத்தான் செய்யும். ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பெண்கள் ஒரே கல்யாண வீட்டுக்கு ஒரே சேலையில் வந்து நிற்பதைப் போல. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்கிறார்கள் அறிஞர்கள். எனக்கு வியப்பு அந்தச் சேலைகளைப் பற்றியது அல்ல. அந்தக் கூட்டத்தில் அதைக் கவனித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேர் நாங்கள் மட்டும்தான் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

என் கணவர் பகலில் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மொழிபெயர்ப்பவர். மாலையில் எங்கள் முன்னறையில் தமிழ் உத்தியோகத்தர்களுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுப்பார். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் மற்ற மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும், அதற்கு எழுத்துப் பரீட்சையும் வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. வருவார்கள், தேறுவார்கள், போவார்கள். மழை பெய்த நாள், ஏலக்காய் விலை, மின்சாரம் நின்ற நேரம் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான், அவர்களில் ஒருவரைப் பற்றியும் ஒருவரி எழுதியதில்லை.

ஜூன் மாதத்தில் அவள் வந்தாள். விவசாயிகளுக்கான அரசாங்க அலுவலகமான பல்லேபொல கமநல சேவை நிலையத்துக்கு வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர். தங்கியிருந்தது அலுவிகாரையில் ஒரு வீட்டு அறையில். முப்பதைத் தாண்டியிருப்பாள். செருப்பைக் கழற்றி இரண்டையும் சுவரோடு ஒட்டி நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். வந்த முதல் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். அதிலிருந்தே எனக்குள் ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்க வேண்டும்.

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். ஒருநாள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மாஸ்ரர், நீங்கள் எண்டதுக்கு ‘ஒயா’ எண்டு சொன்னால் மரியாதைக் குறைவு இல்லையோ?” என்று அவள் கேட்டாள்.

“பழகினவங்களுக்குள்ள சொல்லலாம். வீட்டுல புருசன் பொண்டாட்டி சொல்லிக்குவாங்க” என்றார் என் கணவர்.

“அப்ப நான் உங்கள என்னெண்டு சொல்லுறது?”

“பரீட்சை வைக்கிறவர மஹத்தயான்னு சொல்லுங்க. எனக்கு இப்போதைக்கு ஒயாவே போதும். வாய் பழகட்டும்.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. நாள் தெரியாத ஒன்று என்னிடம் இருப்பது அபூர்வம். கேட்காமலே தேநீர் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். “ஐயோ அக்கா, உங்களுக்கு ஏன் கரைச்சல்” என்று எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பணிவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் போனபின் அவர் சமையலறைக்கு வந்தார். “டீ நல்லாருந்துச்சுன்னு சொன்னாங்க.”

“சீனி போட மறந்துட்டேன்.”

“அதான் எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு.”

“ஆனா அவங்களுக்கு நல்லாருந்துச்சாம்ல?”

அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிலையத்தில் அவர் என் காதோரம் குனிந்து, “இன்னைக்குச் சன்னல் எனக்கு. வெல” என்றார். எனக்குச் சட்டென்று புல்லரித்தது. அவ்வளவு நல்ல சொல். சந்தையில் நாம் “வெல என்ன?” என்று கேட்பது விலையை. சிங்களத்தில் வெல என்றால் வயல்வெளி. நாங்கள் போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் கிடப்பது அதுதான். இத்தனை காலம் அதன் ஊடாகவே போய் வந்திருக்கிறோம், இருவர் காதிலும் விழவில்லை.

“நாள்?” என்றேன்.

“வியாழக்கிழமை.”

“எடம்?”

“பல்லேபொல கமநல சேவை நிலையம். வயசான கமக்காரர் ஒருத்தர் சொன்னாரு.”

எழுதிக்கொண்டேன். சந்தேகம் வரவில்லை. உறுதி, அளவைப்படம் என்று அவர் அடிக்கடி அந்தப் பக்கம் போகிறவர். அவர் சன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலாக வயலைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

திரும்பும்போது பஸ் கமநல சேவை நிலையத்துக்கு முன்னால் ஆள் ஏற்ற நின்றது. கேற்றில் பூட்டு. மதிலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

“ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கு” என்றேன் சும்மா.

“லீவு நாள்ல பூட்டாம?”

“போயாவுக்கும் பூட்டத்தானே செய்வாங்க.”

“ஆமா, அரசாங்க லீவு.”

சொல்லி முடித்ததும் அவருடைய கழுத்து அசையாமல் நின்றது. எனக்கும் அதே கணத்தில்தான் புரிந்தது. வியாழக்கிழமை போயா, பௌர்ணமி. அன்று நான் உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தேன். விடுமுறை என்பதால் அவர் வகுப்பைக் காலையில் வைத்திருந்தார்.

“வியாழக்கிழமை அந்தப் பூட்டுன கேற்றுக்குள்ள எந்தக் கமக்காரர் ஒங்ககிட்டப் பேசுனாரு?”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“யாரு சொன்னா?”

“அவங்க... நம்ம வகுப்புக்கு வர்றவங்க. அவங்களோட ஒஃபிஸ்ல புதன்கிழமை கேட்டாங்களாம். வியாழக்கிழமை வந்து எங்கிட்டச் சொன்னாங்க.”

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இடத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார், நாளை மட்டும் தன்னுடையதாகச் சொல்லிவிட்டார். இந்த நாட்டில் போயாவை மறந்துவிட்டு ஒருவர் பொய் சொல்வதென்றால், அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது.

“எழுந்திருங்க.”

“ஓடுற பஸ்ஸிலயா?”

“எழுந்திருங்கன்னேன்.”

பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்ப, நான் உள்ளே நகர, முன்னால் இருந்த சிங்களக் கிழவி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நடத்துனர், “ஏதும் பிரச்சினையா அக்கே?” என்று பாதித் தமிழில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சன்னலோரம் எனக்குக் கிடைத்தது. அதில் ஒரு சுகமும் இருக்கவில்லை. அந்த இடம் எனக்குரியதும் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அவங்க சொன்னதுன்னே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா நீ இன்னைக்கு எனக்குச் சோறு போட்டிருப்பியா?”

“ஏன், நான் அவ்வளவு மோசமா?”

“மோசம்னு நான் சொன்னேனா? நீ சீனி போடாத டீயப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு வேடிக்கை இல்லை. என்னை உறுத்தியது சன்னலும் இல்லை, பொய்யும் இல்லை. இப்படியொரு சொல்லைத் தேடிக்கொண்டு வர வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். என்ன, எல, நில் எல்லாவற்றையும் அந்த முன்னறையில் அவளுக்கு எடுத்து வைத்திருக்கிறார். அவளும் சிரித்திருக்கிறாள். நானும் அவரும் மட்டும் இருந்த இடத்தில் இப்போது மூன்றாவதாக ஒரு காது. அதுவும் என்னுடையதைவிடக் கூர்மையான காது.

அடுத்த வாரங்களை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அவளுடைய வெலவைத் தோற்கடிக்கிற சொல் ஒன்று வேண்டுமென்று அலைந்தேன். வாசனைப் பொருள் கடைகளின் முன்னால் தேவையில்லாமல் நின்றேன். மருந்தகத்தில் வரிசையில் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இடம் விட்டுக்கொடுத்து, அவர்கள் பேச்சைக் கேட்டேன். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். என் காதில் எதுவும் மோதவில்லை. பொறாமையோடு கேட்கும்போது எல்லா மொழியிலும் ஒரே பொருள்தான் கேட்கிறது: அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து இன்னொன்றும் கவனித்தேன். அவர் பாடம் சொல்லும்போது குரல் இளமையாகிவிடுகிறது. பிழை திருத்தும்போது, “இல்லல்ல, இப்படி” என்று மெதுவாகச் சொல்வார். கல்யாணமான புதிதில் எனக்குச் சிங்களம் கற்றுத் தந்ததும் அவர்தான், அதே “இல்லல்ல, இப்படி”யோடு. அந்த இரண்டு வார்த்தைகளும் எனக்கு மட்டும் உரியவை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் மாதத்து ஞாயிறு. இருவரும் சொல் இல்லாமல் ஏறினோம். அப்படியானால் முதலில் ஏறுகிறவருக்குச் சன்னல் என்பது பழைய ஒப்பந்தம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான் சன்னலோரம், அவர் பக்கத்தில். அலுவிகாரையில் பஸ் நின்றபோது குடையும் கோப்பும் தூக்கிக்கொண்டு அவள் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் கமக்காரர் கூட்டம் வைத்திருக்கிறார்களாம். முதல்முறையாக அவர்கள் முன்னால் அவள் சிங்களத்தில் பேச வேண்டும்.

“மாஸ்ரர்! அக்கா!” என்றாள். முகம் வெளிறியிருந்தது. “நெஞ்சு பக்குப் பக்கெண்டு அடிக்குது.”

என் கணவர் நகர்ந்து தனக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். அவள் உட்காரக் குனிந்தாள்.

“இருங்க” என்றேன். “அந்த எடம் வேணாம். நீங்க இங்க வாங்க, சன்னலோரம்.”

“ஐயோ வேண்டாம் அக்கா, நீங்கள் இருங்கோ.”

“வெலவக் கொண்டுவந்தது நீங்கதானே? சட்டப்படி இந்த சீட்டு ஒங்களோடது. எங்க வீட்டுச் சட்டம், அவர் சொல்லியிருப்பாரே.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். அவரும் எழுந்தார். அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் உட்கார்ந்ததும் நான் நடுவில் உட்கார்ந்தேன். அவர் நடைவழிக் கரையில். சட்டம் சன்னலைப் பற்றித்தான் பேசுகிறது. நடு இருக்கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

“ரொம்ப நேர்மையான ஆளு” என்று அவர் முணுமுணுத்தார்.

“பேசாம இருங்க. டிக்கட் எடுங்க, மூணு.”

கொஞ்ச நேரம் அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்தச் சொல்லை நான் சீட்டுக்காகச் சொல்லேல்ல. மாஸ்ரர் வகுப்பில உங்களப் பற்றித்தான் கதைப்பார். உங்கட கொப்பியப் பற்றி, நீங்கள் நாள் கேக்கிறதப் பற்றி.”

“என்னைப் பத்தியா?”

“ஓம். அண்டைக்கு நான் வெல எண்டு சொன்னவுடன மனுசன் துள்ளி எழும்பிட்டார். ‘இத அவகிட்டச் சொல்லணும், எங்க அவ’ எண்டு கேட்டுக்கொண்டு சீலையை விலத்திக் குசினிக்குள்ள போனவர். நீங்கள் வீட்டில இல்லை எண்டதே அவருக்கு மறந்து போச்சு. திரும்பி வந்து சிரிச்சவர்.”

நான் கரைப்பக்கம் திரும்பினேன். அவர் நடத்துனரிடம் மீதிச் சில்லறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. பல்லேபொலவில் அவள் இறங்கும்போது, “நல்லாப் பேசுவீங்க, பயப்படாதீங்க” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவள் இறங்கியதும் சன்னலோரம் காலியானது. நான் நகரவில்லை. அவரும் நகரச் சொல்லவில்லை.

அவள் வாய்மொழிப் பரீட்சையில் தேறிவிட்டாள். டிசம்பரோடு வகுப்புக்கு வருவது நின்றது. எப்போதாவது அலுவிகாரையில் பஸ் நிற்கும்போது குடையைத் தேடி என் கண் போகிறது. இல்லையென்றால் நிம்மதி. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் இருக்கிறது.

அந்த ஒக்டோபர் ஞாயிறு மாலை, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மிளகை முறத்தில் பரப்பிக்கொண்டே அவரிடம் கேட்டேன். “போயா அன்னைக்கு, வகுப்பு நடுவுல, என்னைத் தேடிட்டு உள்ள வந்தீங்களா?”

அவர் யோசித்தார். “ஞாபகம் இல்லையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“வந்திருப்பேன். தண்ணி குடிக்க வந்திருப்பேன். நீ ஏன் இப்பக் கேக்குற?”

பொய் சொல்லத் தெரியாதவர் என்று முன்னால் எழுதினேன். ஆகவே ஞாபகம் இல்லை என்றால் இல்லைதான். அவளோ மற்றவர் மனம் அறிந்து பேசத் தெரிந்தவள். நடுவில் நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, எனக்கு எது தேவையோ அதைச் சொல்லியிருக்கவும் கூடும். உண்மையாகவே நடந்திருந்தாலும், என் வீட்டுக்காரர் என்னைத் தேடிய அந்தக் காட்சியைப் பார்த்தவள் அவள். நான் அல்ல. அதையும் அவள் வாயிலிருந்துதான் நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று காலை வீட்டில் அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை. செப்டெம்பர் போயா தினத்தில், வெல என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் என்னைத் தேடிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார் என்பது ஒருவர் மட்டும் சொன்ன தகவல். இதை எழுதும் இன்றுவரை அது உறுதிப்படுத்தப்படவில்லை.